ஓவர்டைம் பார்த்தால் பென்ஷன் கூடுமா? அரசு ஊழியர்கள் பலர் தவறவிடும் கணக்கு

இரவு ஷிஃப்ட் முடிந்துவிட்டது. மாற்று ஆள் வரவில்லை. "இன்னும் நாலு மணி நேரம் பார்த்துக்கொடுங்க" என்கிறார் மேற்பார்வையாளர். ரயில்வே ஒர்க்‌ஷாப், பஸ் டிப்போ, மின்நிலையம், ராணுவத் தளவாடத் தொழிற்சாலை என எங்கே வேலை பார்ப்பவருக்கும் இது புதிதல்ல.

ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம் இருக்கும்போது இன்னொரு பேச்சும் சேர்ந்து வரும். "கடைசி வருஷத்துல நல்லா ஓ.டி பார்த்துட்டா சம்பளம் ஏறும், பென்ஷனும் ஏறும்." இதை நம்பி 58 வயதிலும் டபுள் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் உண்டு.

உண்மையில் ஏறுமா? இந்தியாவில் பெரும்பாலான அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கு இதற்கு ஒரே பதில்தான்: ஏறாது. ஓவர்டைம் பணம் அந்த மாதச் சம்பளத்தோடு முடிந்துவிடும். பென்ஷன் கணக்கில் அது ஒரு ரூபாயாகக்கூட சேராது. ஏன் இப்படி? விதிவிலக்கு உண்டா? வெளிநாட்டில் எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

பழைய பென்ஷன்: எந்தச் சம்பளத்தில் பாதி?

மத்திய அரசில் 2004 ஜனவரி 1-க்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம். மத்திய சிவில் பணிகள் ஓய்வூதிய விதிகள்தான் இதற்கு அடிப்படை. குறைந்தது 10 ஆண்டு தகுதியுள்ள பணிக்காலம் இருந்தால், கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 50 சதவீதம் அல்லது கடைசி 10 மாத சராசரி ஊதியத்தில் 50 சதவீதம், இதில் எது அதிகமோ அது பென்ஷன்.

இதில் 'ஊதியம்' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. விதியின்படி இந்த ஊதியம் என்பது அடிப்படைச் சம்பளம், அதாவது பேசிக் பே. அரசு மருத்துவர்களுக்குத் தரப்படும் 'தனியார் தொழில் செய்யாததற்கான படி' போன்ற ஒருசில மட்டும் அதோடு சேரும். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, இரவுப் பணிப்படி, ஓவர்டைம் எதுவும் இதில் வராது.

பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) இதே மாதிரிதான். பேசிக்கும் அகவிலைப்படியும் (டிஏ) மட்டுமே கணக்கு. ஓய்வு பெறும்போது அதிகபட்சம் 300 நாள் ஈட்டிய விடுப்பைக் காசாக்கும் தொகைக்கும் இதே இரண்டுதான். ஓவர்டைமுக்கு இங்கேயும் இடமில்லை.

'பாதி சம்பளம்' பாதி வராது, எப்படி?

ஒரு உதாரணம் பார்க்கலாம். புரிவதற்காக எல்லாம் முழு எண்கள்.

ஒருவரின் பேசிக் ரூ.40,000. அகவிலைப்படி 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ரூ.20,000. வீட்டு வாடகைப்படி ரூ.8,000. ஓவர்டைமில் மாதம் ரூ.16,000. மொத்தம் கைக்கு வருவது, பிடித்தங்களுக்கு முன், ரூ.84,000. இந்த ரூ.84,000-க்குத்தான் குடும்பம் பழகியிருக்கும். வீட்டுக் கடன் தவணை, பிள்ளைகள் படிப்பு எல்லாமே இதை வைத்துத்தான்.

ஓய்வு பெற்ற மறுமாதம் என்ன வரும்? பேசிக்கில் பாதி ரூ.20,000. அதன் மேல் அகவிலை நிவாரணம் அதே 50 சதவீதம், ரூ.10,000. மொத்தம் ரூ.30,000.

ரூ.84,000-ல் ரூ.30,000 என்பது சுமார் 36 சதவீதம். பாதி சம்பளம் என்று நினைத்திருந்தவருக்கு மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம். இதே பதவியில் ஓவர்டைமே பார்க்காதவருக்கு மாத வருமானம் ரூ.68,000. அவருக்கும் பென்ஷன் அதே ரூ.30,000-தான். அது அவர் வருமானத்தில் 44 சதவீதம்.

அதாவது, அதிகம் உழைத்தவருக்கு பென்ஷன் அதிகமில்லை. ஆனால், ஓய்வு பெறும் அன்று அவருடைய வருமானம் விழும் பள்ளம் மட்டும் ஆழம்.

என்பிஎஸ், யுபிஎஸ் ஊழியர்களுக்கு?

2004-க்குப் பிறகு சேர்ந்த மத்திய அரசு ஊழியர்களுக்குப் புதிய ஓய்வூதியத் திட்டம் (என்பிஎஸ்). இங்கே பேசிக், டிஏ இரண்டையும் கூட்டி அதில் 10 சதவீதம் ஊழியரிடம் பிடிக்கப்படும். அரசு தன் பங்காக 14 சதவீதம் போடும். ஓவர்டைமுக்குப் பிடித்தமும் இல்லை, அரசின் பங்கும் இல்லை.

மேலே சொன்ன அதே உதாரணத்தில் பேசிக், டிஏ சேர்த்து ரூ.60,000. அரசு போடுவது மாதம் ரூ.8,400. ஓவர்டைம் ரூ.16,000-ம் கணக்கில் வந்திருந்தால் அரசு இன்னும் ரூ.2,240 போட வேண்டியிருக்கும். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு இப்படிச் சேராமல் போகும் தொகையும் அதன் மீதான வளர்ச்சியும்தான் ஊழியருக்கு வராமல் போகும் பணம்.

2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் (யுபிஎஸ்) உறுதியான தொகை உண்டு. 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாத சராசரி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். இங்கேயும் 'அடிப்படைச் சம்பளம்' என்றுதான் இருக்கிறது. கடைசி 12 மாதம் முழுக்க ஓ.டி பார்த்தாலும் சராசரி அசையாது.

பிஎஃப் பிடிக்கும் நிறுவனங்களில்?

பொதுத்துறை நிறுவனங்கள் பலவற்றில் வேலை பார்ப்பவர்களுக்கு வருங்கால வைப்புநிதி (ஈபிஎஃப்) சட்டம் பொருந்தும். 1952-ல் வந்த இந்தச் சட்டம் 'அடிப்படை ஊதியம்' எது என்று சொல்லும் இடத்திலேயே ஓவர்டைம் படியைப் பெயர் சொல்லி வெளியே வைத்துவிட்டது. போனஸ், கமிஷன், வீட்டு வாடகைப்படி ஆகியவையும் அப்படியே வெளியே.

2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு முக்கியத் தீர்ப்பு சொன்னது. எல்லா ஊழியருக்கும் வழக்கமாகத் தரப்படும் 'சிறப்புப் படி' போன்றவற்றை, பெயரை மாற்றிவைத்து பிஎஃப் பிடித்தத்தில் இருந்து ஒளிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. அப்படியானால் ஓவர்டைமும் சேருமா என்ற கேள்வி எழுந்தது. சேராது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதா, கூடுதலாக உழைத்தவருக்கு மட்டும் கிடைப்பதா என்பதுதான் நீதிமன்றம் வைத்த அளவுகோல். ஓவர்டைம் இரண்டாவது வகை.

பிஎஃப்போடு சேர்ந்து வரும் இபிஎஸ்-95 பென்ஷனில் இன்னும் இரண்டு தடுப்புகள் இருக்கின்றன. ஒன்று, 2014 செப்டம்பர் முதல் பென்ஷனுக்கான ஊதிய உச்சவரம்பு ரூ.15,000. ஊதியத்தை வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் சூத்திரம். உச்சவரம்பு ஊதியத்தில் 15 ஆண்டு பணி என்றால் மாதம் சுமார் ரூ.3,214.

இரண்டாவது தடுப்பு, சராசரி எடுக்கும் காலம். முன்பு கடைசி 12 மாத சராசரி. 2014-ல் அது 60 மாதம் ஆனது. இந்தத் திருத்தத்தை 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. கடைசி வருடத்தில் சம்பளம் திடீரென்று ஏறினாலும் ஐந்து வருட சராசரியில் அது கரைந்துவிடும்.

ஏன் சேர்ப்பதில்லை? அமெரிக்காவில் நடந்தது என்ன?

இந்தியாவில் கதவு ஆரம்பத்திலேயே மூடியிருக்கிறது. கதவைத் திறந்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம்.

நியூயார்க் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் ஓவர்டைம், பென்ஷனுக்கான 'இறுதி சராசரி சம்பளத்தில்' சேரும். பழைய ஊழியர்களுக்கு இது தொடர்ந்து வாங்கிய மூன்று உச்ச வருடங்களின் சராசரி. போலீஸ், தீயணைப்பு, சிறை, ரயில் என ஓவர்டைம் அதிகம் இருக்கும் துறைகளில் கடைசி மூன்று வருடம்தான் பொன்னான வருடங்கள்.

கணக்கு எளிது. வருடச் சம்பளம் 80,000 டாலர், பென்ஷன் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 48,000 டாலர் கிடைக்கும். அந்த மூன்று வருடங்களில் மட்டும் தலா 40,000 டாலர் ஓவர்டைம் சேர்த்தால் சராசரி 1,20,000. பென்ஷன் 72,000 டாலர். மூன்று வருட உழைப்புக்கு ஆயுள் முழுக்க வருடா வருடம் 24,000 டாலர் கூடுதல். ஆனால் அந்த ஊழியர் பணியில் இருந்த மற்ற 27 வருடமும் பென்ஷன் நிதிக்குப் பணம் போனது பழைய குறைந்த சம்பளத்தை வைத்துத்தான். இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது வரி கட்டும் மக்கள். இதற்கு அங்கே 'பென்ஷன் ஸ்பைக்கிங்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

விபரீதமும் நடந்தது. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் ரயில்ரோடில் ஒரு ஊழியர் 2018-ல் ஒரே வருடத்தில் 3 லட்சம் டாலருக்கும் மேல் ஓவர்டைம் வாங்கினார். பார்க்காத வேலைக்கு ஓவர்டைம் எழுதியதாக அவர் உட்பட ஐந்து பேர் மீது 2020 டிசம்பரில் கூட்டாட்சி அரசு வழக்குத் தொடர்ந்தது.

அதற்காக நியூயார்க் ஓவர்டைமை முழுசாக வெட்டிவிடவில்லை. 2012 ஏப்ரல் முதல் சேர்ந்த புதிய ஊழியர்களுக்கு, வருடத்துக்கு 15,000 டாலர் வரையிலான ஓவர்டைம் மட்டுமே பென்ஷனில் சேரும் என்று வரம்பு வைத்தது. விலைவாசிக்கு ஏற்ப அந்த வரம்பும் ஏறும். கலிஃபோர்னியா இன்னும் கடுமை. 2013 ஜனவரி 1 முதல் சேர்ந்த புதியவர்களுக்கு வழக்கமான வேலை நேரத்துக்கு வெளியே பார்த்த வேலைக்கான பணம் பென்ஷனில் சேராது.

ரயில் ஓட்டுநர்களுக்கு மட்டும் எப்படி?

இந்தியாவிலும் ஒரு வித்தியாசமான ஏற்பாடு இருக்கிறது. ரயில்வேயில் லோகோ பைலட், உதவி லோகோ பைலட், கார்டு (இப்போது டிரெயின் மேனேஜர்) ஆகியோர் 'ரன்னிங் ஸ்டாஃப்'. இவர்களுக்கு ஓட்டிய கிலோமீட்டரை வைத்து 'ரன்னிங் அலவன்ஸ்' உண்டு.

இவர்கள் ஓய்வு பெறும்போது பேசிக்கோடு அதில் 55 சதவீதத்தையும் கூட்டி, அந்தத் தொகையை வைத்துத்தான் பழைய பென்ஷன் கணக்கிடப்படும். பேசிக் ரூ.60,000 என்றால் 55 சதவீதம் ரூ.33,000. இரண்டும் சேர்த்து ரூ.93,000. பாதி ரூ.46,500. அதே பேசிக் வாங்கும் அலுவலக ஊழியருக்கு ரூ.30,000. வித்தியாசம் மாதம் ரூ.16,500.

இது ஓவர்டைம் அல்ல. ஆனால் நேரம் காலம் இல்லாத வேலைக்கு வரும் கூடுதல் பணத்தை பென்ஷனில் எப்படிச் சேர்க்கலாம் என்பதற்கு இது நல்ல வழி காட்டுகிறது. ஒருவர் உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று பார்ப்பதில்லை. எல்லோருக்கும் நிலையான ஒரே சதவீதம். அதனால் கடைசி வருடத்தில் ஓட்டத்தைக் கூட்டி பென்ஷனை ஏற்ற முடியாது. அதே நேரம், வீட்டை விட்டு ரயிலிலேயே கழித்த வருடங்களுக்கு ஒரு மதிப்பும் கிடைக்கிறது.

யாருக்கு லாபம்?

ஓவர்டைமைச் சேர்த்தால் பென்ஷன் நிதி ஆட்டம் காணும் என்பது அரசுகளின் வாதம். அது தவறில்லை. ஆனால் நாணயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு.

எப்போதாவது ஒரு நாள் கூடுதலாக வேலை பார்ப்பதற்கும், ஆள் பற்றாக்குறையால் மாதம் முழுக்க டபுள் ஷிஃப்ட் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஓய்வு பெற்றவர் இடத்தில் புது ஆள் எடுக்காமல், இருப்பவரை வைத்தே ஓட்டினால் ஓவர்டைம் என்பது அவசர ஏற்பாடாக இருக்காது. அதுவே அந்த அலுவலகத்தின் வழக்கமான வேலைமுறை ஆகிவிடும்.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948-ன்படி நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல், அல்லது வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டியிருந்தது. வேலை வாங்குபவருக்கு இது தண்டனை மாதிரி இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் புது ஆள் எடுத்தால் சம்பளத்தோடு ஓய்வூதியப் பங்கு, பணிக்கொடை, விடுப்பு, மருத்துவம் எல்லாம் சேரும். ஓவர்டைமில் அது எதுவுமே இல்லை. இப்படிப் பார்த்தால் இரட்டிப்புச் சம்பளம் வெளியே தெரிகிற அளவுக்கு அதிகச் செலவு இல்லை.

இரட்டிப்பும் எல்லோருக்கும் இல்லை. மத்திய அரசு அலுவலகங்களில் ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 2018 ஜூனில் ஓவர்டைம் படியே நிறுத்தப்பட்டது. இயக்கப் பணியாளர்களுக்கும், சட்டப்படி உரிமையுள்ள தொழிற்பிரிவு ஊழியர்களுக்கும் மட்டும் தொடர்கிறது. அந்த இயக்கப் பணியாளர்களுக்கும் 1991-ல் நிர்ணயித்த பழைய விகிதமே தொடரும் என்று அந்த உத்தரவு சொன்னது.

புதிய தொழிலாளர் சட்டங்களால் மாற்றம் வருமா?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. இதில் 'ஊதியம்' என்பதற்குப் பொதுவான ஒரே வரையறை. பேசிக், அகவிலைப்படி, தக்கவைப்புப் படி மூன்றும் உள்ளே. ஓவர்டைம், போனஸ், வீட்டு வாடகைப்படி போன்றவை வெளியே.

ஒரு நிபந்தனை உண்டு. வெளியே வைக்கப்பட்ட இந்தப் படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும். பேசிக்கைக் குறைத்துப் படிகளை ஊதிக்காட்டும் நிறுவனங்களுக்கு வைத்த கடிவாளம் இது. ஓவர்டைம் கூடினால் பென்ஷன் கூடும் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய திட்டம், என்பிஎஸ், யுபிஎஸ் ஆகியவற்றில் இருக்கும் அரசு ஊழியர்களின் பென்ஷன் அவரவர் விதிப்படியேதான்.

ஊழியர்கள் என்ன செய்யலாம்?

முதலில் சம்பளச் சீட்டைப் பார்க்க வேண்டும். மொத்தத் தொகையைவிட்டு பேசிக், டிஏ இரண்டு வரிகளை மட்டும் பார்த்தால் போதும். பென்ஷன் நிற்பது அந்த இடத்தில்தான்.

இரண்டாவது, தான் எந்தத் திட்டத்தில் இருக்கிறோம் என்பது தெரிய வேண்டும். பழைய பென்ஷனா, என்பிஎஸ்ஸா, யுபிஎஸ்ஸா, இபிஎஸ்-95ஆ? தமிழ்நாடு அரசில் 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர், பின் சேர்ந்தவர் என்ற பிரிவு முக்கியம். பக்கத்து சீட்டில் இருப்பவரின் கணக்கு நமக்குப் பொருந்தாமல் போகலாம்.

மூன்றாவது, ஓவர்டைம் பணத்தில் ஒரு பகுதியை ஊழியரே ஓய்வுக்காலத்துக்கு ஒதுக்கலாம். பிஎஃப் உறுப்பினர்கள் 'விபிஎஃப்' எனும் விருப்பச் சந்தாவாகக் கூடுதல் தொகை போடலாம். அதே பிஎஃப் வட்டி கிடைக்கும். ஆனால் ஊழியரின் பங்கு வருடத்துக்கு ரூ.2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கான வட்டிக்கு வரி உண்டு. என்பிஎஸ்ஸிலும் சொந்த விருப்பத்தில் கூடுதலாகப் போடலாம். எதிலும் நிறுவனத்தின் பங்கு கூடாது, அது ஊழியரின் பணம் மட்டுமே.

நான்காவது, வீட்டுக் கடன் போன்ற நீண்ட காலத் தவணைகளை ஓவர்டைமை நம்பி ஓய்வு வயதுக்கு அப்பால் இழுக்காமல் இருப்பது நல்லது. மேலே சொன்ன உதாரணத்தில் ரூ.84,000 வருமானம் ஒரே மாதத்தில் ரூ.30,000 ஆகிறது. வங்கித் தவணை அதற்கேற்பக் குறையாது.

கடைசி வருடத்தில் உடம்பை வருத்தி ஓ.டி பார்க்கலாமா என்று யோசிப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பணம் இப்போது தேவையா? தேவை என்றால் பார்க்கலாம், சட்டப்படி வர வேண்டியதைக் கேட்டு வாங்கலாம். பென்ஷன் கூடும் என்பதற்காக மட்டும் என்றால், அந்த இரவுகளில் வீட்டில் தூங்குவதே லாபம்.